பயாப்ஸி ரிப்போர்ட்டில் விடுபட்ட ஒரு வரி: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: செயலாளர், மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை, அரசு மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல், நரம்பியல் அறுவைத் துறைத் தலைவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 22 வருடமாக உயிர்வேதியியல் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டு கிரெப்ஸ் சுழற்சியை எழுதுவேன். அதில் ஐசோசிட்ரேட் என்ற பொருளை ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டாக மாற்றும் நொதிக்கு ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் என்று பெயர். சுருக்கமாக ஐடிஎச். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். நானும் அதை ஐந்து மார்க் கேள்விக்கு மேல் மதித்ததில்லை. போன வருடம் அதே நொதியின் பெயர் ஒரு காகிதத்தில் இல்லையே என்று தேடிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தேன்.

என் தம்பிக்கு 34 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறான். ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலை ஷிஃப்டில் திடீரென்று ஃபிட்ஸ் வந்து விழுந்தான். கூட இருந்தவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். (வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும், சாவியால் ஒன்றும் ஆகாது என்று எத்தனை முறை சொன்னாலும் நம் ஊரில் சாவிதான் முதலில் வரும்.) ஸ்கேனில் இடது நெற்றிப் பக்கம் கட்டி. அறுவை நன்றாகவே நடந்தது. செய்த மருத்துவரின் கைக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இந்த மடல் அவர் மேல் புகார் இல்லை. எந்த மருத்துவமனை என்றும் எழுதப்போவதில்லை, ஏனென்றால் இது ஒரு கட்டடத்தின் குறை என்று நான் நினைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. 'டிஃப்யூஸ் ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 2.' மூளைக்கட்டியின் வகை, அதன் தீவிரத்தின் படி, அவ்வளவுதான். கீழே கையெழுத்து. கட்டியில் அந்த நொதியின் மரபணு பிறழ்ந்திருக்கிறதா, அதாவது ஐடிஎச் நிலை என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் இங்க பண்றதில்லம்மா, வேணும்னா ப்ளாக் வாங்கிட்டு வெளிய பாத்துக்குங்க" என்றார்கள். (ப்ளாக் என்பது மெழுகில் புதைத்த கட்டித் துண்டு.)

சரி, வெளியே பார்த்துக்கொள்கிறோம். ஆனால் அந்த ஒரு வரி இல்லாமல் மேலே உள்ள பெயருக்குப் பாதி அர்த்தம்தான் என்பதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். நோய்க்குறியியல் துறையினருக்கு இது தெரிந்த கதை. கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கும், நாளைக்கு இதே சீட்டை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்காரப்போகும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

2008-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்குழு கிளையோபிளாஸ்டோமா என்ற மிக மூர்க்கமான மூளைக்கட்டியில் 22-ஐ எடுத்து, அவற்றின் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களைப் படித்துப் பார்த்தது. புற்றுநோய் என்றால் வழக்கமாக மாட்டும் பழைய குற்றவாளிகளோடு, யாரும் எதிர்பார்க்காத ஒரு பெயரும் வந்து நின்றது: ஐடிஎச்1. உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேலையில் இருக்கும் சாதுவான நொதி. அதற்கும் புற்றுக்கும் என்ன சம்பந்தம்? (என் மாணவர்கள் யாராவது படித்தால் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: சுழற்சிக்குள் வேலை செய்வது ஐடிஎச்3. ஐடிஎச்1 அதன் பங்காளி, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே அதே மாதிரி வேலையைச் செய்வது.) அடுத்த வருடமே பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது, அதைவிட மெதுவாக வளரும் கிரேடு 2, கிரேடு 3 கிளையோமாக்களில் (மூளையின் துணைச் செல்களில் வரும் கட்டிகள்) 70 சதவீதத்துக்கும் மேல் இந்த நொதியிலோ, இதன் இன்னொரு பங்காளியான ஐடிஎச்2-இலோ பிறழ்வு இருந்தது. பெரும்பாலும் ஒரே இடத்தில். 414 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் 132-ஆவது மணி மட்டும் மாறியிருக்கும், ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின். அதைத்தான் ஆர்132எச் என்று எழுதுகிறார்கள்.

இதைத் தம்பிக்குப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன். நொதி கெட்டுப்போனால் வேலை நின்றுவிடும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 2009-இல் தெரியவந்தது வேறு. பிறழ்ந்த ஐடிஎச்1 நிற்பதில்லை. ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டையே பிடித்து 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் என்ற வேறு பொருளாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆரோக்கியமான செல்லில் துளியளவே இருக்கும் அந்தப் பொருள், கட்டிக்குள் நூறு மடங்கு வரை குவிகிறது. தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப மெஷின் நிக்கல. ஓடிட்டேதான் இருக்கு, ஆனா எல்லாம் ரிஜெக்ட் பீஸ். அப்படித்தானேக்கா?"

22 வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை.

அந்த ரிஜெக்ட் பீஸ் செய்யும் வேலைதான் இந்த மடலின் மையம். ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட் என்பது ஆற்றல் கணக்கில் வரும் வெறும் இடைப்பொருள் இல்லை. டிஎன்ஏ மீதும், அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் மீதும் ஒட்டியிருக்கும் மீத்தைல் என்ற சின்ன வேதிக் குறிகளைத் துடைக்கும் பல நொதிகளுக்கு அது கைக்கருவி. 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் பார்க்க ஏறக்குறைய அதே உருவம். கருவி இருக்க வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். துடைக்கும் வேலை நடக்காது. குறிகள் சேர்ந்துகொண்டே போகும்.

இப்போது டிஎன்ஏவின் இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்துபோகிறது என்று வையுங்கள். கதிர்வீச்சு, நம் ஜனங்கள் சொல்கிற மாதிரி 'கரண்ட் வைப்பது', செய்வது அதைத்தான். அறுந்த இடத்தில் செல் ஒரு மீத்தைல் குறியை ஏற்றும், இங்கே வா என்று ரிப்பேர் ஆட்களைக் கூப்பிடும் கொடி மாதிரி. ஆனால் துடைக்கும் நொதி முடங்கியதால் டிஎன்ஏ முழுக்க அதே கொடி கட்டிக் கிடக்கிறது. கட்சி மாநாட்டு நாளில் அண்ணா சாலையில் ஒரே ஒரு கொடியைக் காட்டி 'அந்தக் கொடிக்கிட்ட வந்துடு' என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ரிப்பேர் ஆள் வந்து சேர மாட்டார். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இந்த ரிப்பேர்க் குறையைக் காட்டினார்கள். கொடி விஷயத்தை 2020-இல் விளக்கினார்கள். மார்பகப் புற்றில் பிஆர்சிஏ மரபணு கெட்டவர்களுக்கு வருமே, ஏறக்குறைய அதே வகை ஊனம். அந்த மரபணு சரியாக இருக்கும்போதே, ஒரு வளர்சிதை நொதி தடம் புரண்டதால் வந்துவிடுகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கட்டியைத் தொடங்கிவைப்பதே இந்தப் பிறழ்வுதான். ஆனாலும் பிறழ்வு உள்ள கட்டிக்காரர்கள், இல்லாதவர்களைவிட வருடக்கணக்கில் கூடுதலாக வாழ்கிறார்கள். ரிப்பேர் பலவீனம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். முழுக் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 2019-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் எலிகளில் பார்த்தபோது, இதே பிறழ்வு வேறு இரண்டு மரபணுக் கோளாறுகளோடு சேர்ந்தால் ரிப்பேர் வலுக்கிறது, கதிர்வீச்சைக் கட்டி தாங்குகிறது என்று வந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒன்று சொன்னால் கட்டிலில் படுத்திருப்பவரிடம் அப்படியே நடக்கும் என்று எண்ணக்கூடாது. ரிப்பேர் ஊனத்தைக் குறிவைக்கும் பார்ப் தடுப்பு மருந்துகள் மேல் நிறைய நம்பிக்கை வைத்தார்கள். கிளையோமா நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் சுமாராகத்தான் இருந்தது.

அப்புறம் எதிர்ப்பாற்றல். அதே 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் கட்டிச் செல்லுக்குள்ளேயே அடைந்து கிடப்பதில்லை, வெளியே கசிகிறது. கட்டியைத் தேடிவரும் டி செல்கள், அதாவது எதிர்ப்பாற்றலின் காவல் செல்கள், அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன, இழுத்துக்கொண்டதும் சோர்ந்துபோகின்றன. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2018-இல் இதை வெளியிட்டார்கள். காவலுக்கு வந்தவருக்கு வாசலிலேயே மயக்க மருந்து கலந்த மோர் கொடுப்பது போல. அதே ஜெர்மனியில் இந்த மாறிய 132-ஆவது மணியையே அடையாளம் காட்டும் தடுப்பூசி ஒன்றை 33 பேருக்குப் போட்டுப் பார்த்து, பெரும்பாலானவர்களின் உடல் அதை அடையாளம் கண்டுகொள்கிறது என்று 2021-இல் எழுதினார்கள்.

பிறழ்வு இல்லாத கிளையோபிளாஸ்டோமா கதையே வேறு. அங்கே நொதிகள் வேறு வழியில் விளையாடுகின்றன. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் கைனுரெனின் என்ற பொருளாக உடைத்து, டி செல்களை அடக்குவது ஒரு வழி. அதைத் தடுக்கும் மருந்தைத் தோல் புற்றில் பெரிதாகச் சோதித்து 2018-இல் கைவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று பியூரின். டிஎன்ஏ எழுத்துகளுக்கான கச்சாப்பொருளைக் கட்டி தானே அதிகமாகத் தயாரித்துக்கொண்டு, கதிர்வீச்சில் அறுந்ததை விரைவாக ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தயாரிப்பில் ஒரு முக்கிய நொதியைத் தடுப்பது மைக்கோஃபினோலேட். இந்தப் பெயர் சென்னையில் புதிது இல்லை. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் மாத்திரை டப்பாவில் தினம் பார்ப்பதுதான். மிச்சிகனில் அதைக் கதிர்வீச்சோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள். ஆனால் யோசியுங்கள்: அந்த மாத்திரையைச் சிறுநீரகக்காரர்களுக்குக் கொடுப்பதே எதிர்ப்பாற்றலை அடக்கத்தான். கட்டியின் ரிப்பேரை நிறுத்தப் போனால் நம் காவலும் சேர்ந்து தூங்கும். ரிப்பேரும் எதிர்ப்பும் ஒரே நொதியின் இரண்டு பக்கத்தில் தொங்குகின்றன, ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும். இந்தத் துறையில் அவசரப்பட்டு யாரும் 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று சொன்னால் நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் சோதனைக் கூடத்தை எல்லாம் ஒதுக்கிவைத்தாலும், இன்றைக்கே உறுதியாகிவிட்ட விஷயங்கள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே மூளைக்கட்டிப் பெயர்களோடு ஐடிஎச் நிலையைச் சேர்த்துவிட்டது. 2021 வகைப்பாட்டில் இன்னும் கறாராக, பெரியவர்களுக்கு வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற பெயரே பிறழ்வு இல்லாத கட்டிக்கு மட்டும் என்று சொல்லிவிட்டது. நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரியும் 'கிரேடு 2' கட்டியில் பிறழ்வு இல்லாமல், வேறு சில மரபணு மாற்றங்கள் இருந்தால் அது உண்மையில் கிளையோபிளாஸ்டோமா. எங்களுக்குக் கொடுத்த சீட்டில் இருந்த அதே வார்த்தைகள் ஒருவருக்குப் பத்து வருடத்துக்கு மேலும், இன்னொருவருக்கு ஒன்றரை வருடமும் ஆகலாம். தம்பியின் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணி, பாப்பாவ எந்த ஸ்கூல்ல சேக்கறதுன்னு இப்ப முடிவு பண்ணலாமா, வேணாமா?" அந்தக் கேள்விக்குச் சீட்டில் பதில் இல்லை.

எம்ஜிஎம்டி இன்னொரு வரி. டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை டிஎன்ஏவில் ஏற்றும் மீத்தைலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியும் ரிப்பேர் புரதம் அது. ஒரு மீத்தைலைப் பிடுங்கியதும் தானும் செத்துவிடும், அதனால் எத்தனை மூலக்கூறு இருக்கிறது என்பதே கணக்கு. அந்த மரபணுவின் முகப்பு மீத்தைலால் மூடப்பட்டிருந்தால் புரதம் குறைவு, மாத்திரை வேலை செய்யும். 2005-இல் வந்த ஐரோப்பிய, கனடா ஆய்வில் கதிர்வீச்சோடு இந்த மாத்திரை எடுத்த கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளில், முகப்பு மூடியவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 21.7 மாதம், மூடாதவர்களுக்கு 12.7 மாதம். ஐடிஎச் பிறழ்வு துடைக்கும் நொதிகளை முடக்குவதால் அந்தக் கட்டிகளில் இந்த முகப்பும் பெரும்பாலும் மூடிக் கிடக்கிறது. ஒரு வளர்சிதை நொதி எங்கிருந்து எங்கே கை நீட்டுகிறது பாருங்கள்.

2023-இல் வந்த வோராசிடெனிப் முடிவையும் சொல்லாமல் விட முடியாது. பிறழ்ந்த ஐடிஎச் நொதியையே தடுக்கும் மாத்திரை. அறுவை முடிந்து, கதிர்வீச்சும் கீமோவும் இன்னும் தொடங்காத கிரேடு 2 நோயாளிகள் 331 பேரிடம் சோதித்தார்கள். கட்டி மீண்டும் வளரத் தொடங்கும் வரை, மாத்திரை எடுத்தவர்களுக்கு இடைநிலை 27.7 மாதம், மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.1 மாதம். 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்கா அனுமதித்தது. முன்னதாக ஒரு சிறிய ஆய்வில், அறுவைக்கு முன் இதைக் கொடுத்தபோது கட்டியில் அந்த ரிஜெக்ட் பீஸ் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்து, டி செல்கள் உள்ளே வரும் அறிகுறியும் தெரிந்தது. நொதியைத் தடுத்தால் காவல் விழிக்கிறது, நல்லது. ரிப்பேரும் திரும்பிவிட்டால் பிறகு வைக்கப்போகும் கரண்ட்டுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. மாத்திரையின் விலை நம் ஆட்களுக்கு எட்டாத உயரம், அதைப் பற்றிப் பேசுவது பிறகு. ஆனால் நாளைக்கே விலை இறங்கினாலும், ஐடிஎச் சோதிக்காத நோயாளிக்கு அதை எழுதவே முடியாது.

இனி என் கோரிக்கை.

அரசு மருத்துவமனையில் எடுக்கும் ஒவ்வொரு கிளையோமாவுக்கும் ஐடிஎச்1 ஆர்132எச் சாயச் சோதனை செய்ய உத்தரவிடுங்கள். இதற்கு மரபணு வரிசைப்படுத்தும் எந்திரம் வேண்டாம். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2009-இல் உருவாக்கிய எதிர்ப்பொருளை மெழுகில் வெட்டிய ஒரு சீவலில் போட்டால், பிறழ்வு உள்ள செல்கள் பழுப்பு நிறத்தில் தெரியும். ஐடிஎச்1 பிறழ்வுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதை இது பிடித்துவிடும். மார்பகப் புற்றுக்கு ஹார்மோன் சோதனை செய்யும் எந்த நோயியல் கூடத்திலும் இதையும் செய்யலாம், எதிர்ப்பொருள் குப்பி இருந்தால் போதும். அந்தக் குப்பியை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக வாங்க வேண்டாம். 1994-இல் தொடங்கிய நம் மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாக வாங்குவதில் மற்ற மாநிலங்களுக்கே பாடம் நடத்தியது. பட்டியலில் இன்னொரு வரி, அவ்வளவே. சாயத்தில் தெரியாத 55 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் மரபணு வரிசை பார்க்க, எம்ஜிஎம்டி பார்க்க, சென்னையில் ஒரு மையக் கூடம் வைத்து மாவட்டங்களிலிருந்து ப்ளாக்கை வரவழைக்கலாம். செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் செலவோடு சேர்த்துவிடுங்கள். தனியாக ஒரு அனுமதி, தனியாக ஒரு சீல் என்று வைத்தால் பாதிப் பேர் அந்தப் படியிலேயே நின்றுவிடுவார்கள்.

இதெல்லாம் ஏற்கெனவே சில இடங்களில் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த வாசல் வழியாக உள்ளே போனோம் என்பதைப் பொறுத்து ரிப்போர்ட் மாறக்கூடாது என்பதுதான் என் வாதம். 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவையைத் தொடங்கிவைத்த ஊர் இது. நான்கு வருடம் கழித்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. 1980களின் தொடக்கத்திலிருந்து இந்த நகரத்துக்குப் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் மூளைக்கட்டிக்கு நேராக ஐடிஎச் என்று ஒரு கட்டம் போட்டாலே, நம் மக்களிடம் எந்த வகை எவ்வளவு என்று சொந்தக் கணக்கு கிடைக்கும்.

ப்ளாக் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டைவிரல் அகலம்தான் அது. அதைக் கேட்டு வாங்க எனக்கு நான்கு நாள் விடுப்பு ஆனது. ஆதார் நகல் எடுத்து வா, நோயாளியே வந்து கையெழுத்துப் போட வேண்டும், அந்த ஊழியர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார், இன்று ரிஜிஸ்டர் இல்லை. தலையில் தையல் பிரிக்காத தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கடைசியில் மாத்திரை கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். மே மாத வெயில். பாரஃபின் மெழுகு 55 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்று வகுப்பில் சொல்லித்தருகிறவள் நான். ஆனாலும் பயந்து, எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஈரத்துணி சுற்றி வைத்து, மின்சார ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு தனியார் கூடத்துக்குப் போனேன். அங்கே ஏழாம் நாள் மாலை ஒரு வரி வந்தது: ஐடிஎச்1 ஆர்132எச், பாசிட்டிவ்.

படித்தவள், துறை தெரிந்தவள், மாதச் சம்பளக்காரி என்பதால் அந்த வரி எங்களுக்குக் கிடைத்தது. அன்றைக்கு அதே பெஞ்சில் திருத்தணியிலிருந்து வந்த ஒரு அம்மா, மகனின் ரிப்போர்ட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தார். என்னிடம் நீட்டி, "இதுல என்னம்மா போட்டிருக்கு, நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். அதிலும் இரண்டே வார்த்தைதான் இருந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரிப்போர்ட்டோடு தமிழில் அரைப்பக்கம் எழுதிக் கொடுக்கலாம். எழுத ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்ற ஆசிரியர்கள் சம்பளம் கேட்காமல் வருவோம்.

தம்பி இப்போது பாதி நாள் வேலைக்குப் போகிறான். லேத் பக்கம் விடுவதில்லை, ஸ்டோர் கணக்கு பார்க்கிறான். அடுத்த எம்ஆர்ஐ ஆடி முடிந்து. அவனுடைய ப்ளாக் இன்னும் என் வீட்டு பீரோவில் அதே டிபன் டப்பாவில்தான் இருக்கிறது. திரும்ப ஒப்படைக்கவா என்று இரண்டு முறை போய்க் கேட்டேன், எந்தக் கவுன்டர் என்று யாருக்கும் தெரியவில்லை. சொன்னால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு உயிர்வேதியியல் ஆசிரியை,
சென்னை.